45 ரூபாய் பாகலும் மண்டி முன்பணமும்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு 1 ஏக்கர் 20 சென்ட் சொந்த நிலம் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறும் இருக்கிறது. போன ஆண்டு மாசியில் 80 சென்ட்டில் சவுக்குக் கம்பு, நைலான் கயிறு கட்டி வீரிய ஒட்டுப் பாகல் போட்டார். விதைக்கும்போது கமிஷன் மண்டியில் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். வட்டி இல்லை, ஆனால் சரக்கு முழுவதும் அதே மண்டிக்கு வரவேண்டும் என்பது பேச்சு. மொத்தம் 8,400 கிலோ பறித்தார். நூற்றுக்கு 4 கிலோ கழிவு போக 8,064 கிலோவுக்குப் பில் விழுந்தது. மொத்தத் தொகை 1,77,408 ரூபாய். அதில் 10 சதவீதக் கமிஷன், வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் போய்க் கைக்கு வந்தது 1,53,367. செலவு 1,22,500. "லாபம் 31,000 நின்றது" என்கிறார். பில்களைப் பார்த்தால் சராசரி விலை 29 ரூபாய் வருகிறதே, மண்டியில் ஏமாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

ஆனி கடைசியில் பாகல் கிலோ 45 ரூபாய்க்குப் போயிருக்கிறது. அன்று இவர் கொடியில் கிடைத்தது 60 கிலோதான். அதனால் இந்த முறை 1 ஏக்கர் 20 சென்ட்டிலும் கல்தூண் பந்தல் போட்டு, முழுக்கப் பாகலே வைத்து, ஆனியில் காய் வரும்படி விதைக்க நினைக்கிறார். பந்தலுக்கு 1,50,000 ரூபாய் தர மண்டிக்காரர் தயார். மனைவி, "மண்டியே வேண்டாம், உழவர் சந்தைக்குப் போவோம்" என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த 29 ரூபாய். பில்களில் உள்ள விலைகளைக் கூட்டி, பில்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறீர்கள். சரக்கு விஷயத்தில் அந்தக் கணக்கு பொய் சொல்லும். உதாரணத்துக்கு இப்படி மூன்று பில் என்று வைத்துக்கொள்வோம். முதல் பறிப்பு 150 கிலோ, விலை 38. நடுப் பறிப்பு 700 கிலோ, விலை 17. கடைசிப் பறிப்பு 200 கிலோ, விலை 35. மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 30 வரும். ஆனால் மொத்தப் பணம் 24,600. மொத்தக் காய் 1,050 கிலோ. கிலோவுக்கு 23 ரூபாய் 43 காசுதான். காய் அதிகம் வருகிற நாளில் ஊரெல்லாம் காய் வரும், விலை இறங்கியே இருக்கும். உங்கள் 1,77,408-ஐ 8,064-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 22 ரூபாய். கூட்டலில் யாரும் ஏமாற்றவில்லை. கழிவு, கமிஷன், வண்டி எல்லாம் போய்ப் பறித்த கிலோவுக்குக் கைக்கு வந்தது 18 ரூபாய் 26 காசு. இனி எந்த முடிவுக்கும் இந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் பேசப்படும் விலை உங்கள் விலை அல்ல.

அந்த 31,000 எதன் விலை?

செலவுப் பட்டியலில் உழவு, குழி, விதை, உரம், மருந்து, கம்பு, கயிறு, ஆள்கூலி எல்லாம் இருக்கிறது. நீங்களும் மனைவியும் ஆளுக்கு 100 நாள் உழைத்தது மட்டும் இல்லை. ஊர்க்கூலி 350 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 200 நாளுக்கு 70,000 ஆகிறது. மிஞ்சிய 30,867-ஐ அந்த 200 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 154 ரூபாய். பக்கத்துத் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போயிருந்தால் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். மனம் தளர இதைச் சொல்லவில்லை. பரப்பைக் கூட்டினால் லாபம் கூடும் என்ற எண்ணம் இங்கேதான் இடறுகிறது. நாளுக்கு 154 ரூபாய் தருகிற வேலையை ஒன்றரை மடங்காக்கினால், வீட்டு ஆட்கள் போதாமல் கூலிக்கு ஆள் பிடிப்பீர்கள். அந்த ஆளுக்கு 350 கொடுத்தாக வேண்டும். பாகலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் காய் பழுத்துவிடும். உச்சத்தில் 80 சென்ட்டில் ஒரு பறிப்புக்கு 480 கிலோ வந்திருக்கிறது. ஒரே வயதுக் கொடி 1 ஏக்கர் 20 சென்ட்டில் நின்றால் அது 720 கிலோ.

முன்பணத்துக்கு வட்டி இல்லையா?

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் வாங்காத பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதே நாளில், அதே தரத்துக்கு ஒன்றரை ரூபாய் கூடக் கிடைத்தது என்று. உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 8,064 கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 12,096. ஐந்து மாதத்துக்கு 50,000 ரூபாய் வாங்கியதற்கு நீங்கள் கொடுத்த விலை அது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 58 சதவீதம். முன்பணத்தை வாராவாரம் பில்லில் பிடித்துக்கொண்டே வந்ததால், உண்மையில் உங்கள் கையில் இருந்த தொகை குறைந்துகொண்டே போனது. வட்டி இதற்கும் மேல்.

மண்டிக்காரரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. விதைக்கிற நாளில் சிட்டா (நில உரிமைப் பதிவு) கேட்காமல், ஜாமீன் கேட்காமல் பணம் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். அந்தச் சேவைக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதே பணம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனாகக் கிடைக்கும். தவணை தவறாமல் கட்டுபவருக்கு அந்த வட்டியைத் தமிழக அரசே ஏற்றுக்கொள்கிறது. வங்கியில் கிசான் கார்டு (விவசாயக் கடன் அட்டை) எடுத்தால், 3 லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 சதவீதம்; கெடு நாளுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதத்தில் நிற்கும். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ் புத்தகத்தோடு விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே போய் நில்லுங்கள். அவசரத்தில் போனால் மறுபடியும் மண்டிதான் கைகொடுக்கும்.

பந்தல் சரி, அதற்கு எடுக்கும் பணம் சரியில்லை

கல்தூண் பந்தல் என்ற உங்கள் எண்ணத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன், ஆனால் 80 சென்ட்டுக்குப் போதும். 80 சென்ட்டுக்குத் தூண், நடுகூலி 1,60,000, கம்பி 80,000 என்று விலை கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தூணை 15 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,700. முதலில் துருப்பிடிப்பது கம்பிதான். அதை 8 ஆண்டுக்குப் பிரித்தால் 10,000. ஆண்டுக்கு இரண்டு பயிர் ஏற்றினால் பயிருக்கு 10,350 ரூபாய் விழும். சவுக்குக் கம்புக்கும் கயிற்றுக்கும் ஒரே பயிருக்கு 34,000 கொடுத்தீர்கள். பயிருக்கு 23,650 மிச்சம்.

இதோடு முன்பணத்தில் இழந்த ஒன்றரை ரூபாயைச் சேர்த்துப் பாருங்கள். கமிஷன் போக அது 10,886. சந்தை விலை ஒரு ரூபாய்கூட ஏறாமலேயே உங்கள் 30,867 ரூபாய் 65,403 ஆகியிருக்கும். நாளுக்கு 327 ரூபாய். பந்தல் கடனின் வட்டி இதில் கழியும். அப்படியும் 45 ரூபாய் விலையைத் துரத்துவதைவிட இது உறுதியான பணம்.

தோட்டக்கலைத் துறையில் நிரந்தரப் பந்தலுக்கு மானியம் உண்டு. தொகையும் இலக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த ஆண்டு நிலவரம் கேளுங்கள். பலர் தவறுவது ஓரிடத்தில்தான். பணி ஆணை வருவதற்கு முன்பே தூணை நட்டுவிட்டு, பிறகு மானியம் கேட்டு நிற்பார்கள். ஆணை வாங்குங்கள், நிலத்தைப் பார்வையிடச் செய்யுங்கள், பிறகு குழி தோண்டுங்கள். மிச்சத் தொகைக்கு மத்திய காலக் கடன் கேளுங்கள். மூன்று, நான்கு ஆண்டில் அடைக்க வேண்டிய பணத்தை ஐந்து மாத மண்டிக் கடனில் எடுத்தால் முதல் ஆண்டுக் காய் முழுவதும் அதற்கே போய்விடும். வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயிச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். அது இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம்.

இரண்டாவது ஆண்டும் அதே பந்தலில் பாகல்மேல் பாகல் ஏற்றாதீர்கள். வேர்முடிச்சு நூற்புழுவும் மொசைக் என்ற நச்சுயிரி நோயும் உள்ளே குடியேறிவிடும். ஒரு பட்டம் பந்தல் அவரை, இடையில் ஒரு முறை செண்டுமல்லி என்று மாற்றுங்கள். செண்டுமல்லி வேர் நூற்புழுவை அடக்கும், பூவும் காசாகும்.

45 ரூபாய் ஏன் வந்தது?

ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் மேல்காற்று (மேற்குக் காற்று) அடிக்கும். கொடி புரளும், பூ கொட்டும், மாசிப் பட்டத்துக் கொடிகள் அதற்குள் ஓய்ந்தும் போயிருக்கும். வரத்து இல்லாததால்தான் 45. அன்று உங்களிடம் 60 கிலோ மட்டும் இருந்ததும், விலை 45 ஆனதும் ஒரே காரணத்தால் வந்தவை. அதே காற்றில் 1 ஏக்கர் 20 சென்ட் பாகல் வழக்கமான விளைச்சல் தரும் என்று கணக்குப் போடுவது தப்பு. போன ஆண்டு 45-ஐப் பார்த்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல என்பதையும் மறக்க வேண்டாம். விதைக்கடையில் இந்த மாதம் பாகல் விதை எவ்வளவு போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டாலே ஆனி விலை பாதி தெரிந்துவிடும்.

துரத்த வேண்டுமென்றால் தேதி தெரிந்த விலையைத் துரத்துங்கள். ஒட்டன்சத்திரத்துக் காய் பெரும்பாலும் கேரளாவுக்குத்தான் போகிறது. ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் அங்கே காய் தேவை ஏறும்; ஓணம் முடிந்த மறுநாளே விழும். பாகலில் முதல் பறிப்பு 55, 60 நாளில் வரும். நல்ல காய்ப்பு 75 நாளுக்கு மேல். ஆகவே திருவோணத்திலிருந்து 80 நாள் பின்னோக்கி எண்ணிப் பாதியை விதையுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்னதாக இன்னொரு பாதியை விதைத்தால் பறிப்பு ஆட்களும் சமாளிப்பார்கள், எல்லாக் காயும் ஒரே விலையில் மாட்டாது. மேற்கு ஓரத்தில் பதினைந்து நாள் முன்பே இரண்டு வரிசை சோளம் விதையுங்கள். காற்றையும் தடுக்கும், வெள்ளை ஈயையும் ஓரளவு தடுக்கும். விதை வாங்குமுன் கேரள வியாபாரி எந்த நிறக் காய் கேட்கிறார் என்று விசாரியுங்கள். அங்கே வெளிர் பாகலுக்குத் தனி விருப்பம் உண்டு; கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ப்ரீத்தி, பிரியங்கா இரண்டும் வெள்ளைக் காய் ரகங்கள்.

இன்னொன்று, கொடிக்காயில் இரண்டு ஜாதி உண்டு: காத்திருக்கும் காய், காத்திருக்காத காய். பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் பறித்த மறுநாளே விற்றாக வேண்டியவை, விலை பேச உங்களுக்கு நேரம் தராதவை. சாம்பல் பூசணி நிழலில் மாதக்கணக்கில் இருக்கும். பந்தல் வேண்டாம், தரையில் படரும், பறிப்பும் இரண்டு மூன்று முறைதான். ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணி கேட்காத கடை உண்டா? பூஜையிலிருந்து 150 நாள் பின்னோக்கி எண்ணி, பந்தல் இல்லாத 40 சென்ட்டில் போடுங்கள். காயின் மேல் சாம்பல் நன்றாகப் பூத்திருந்தால்தான் முற்றியது. காம்பை விரல் நீளம் விட்டு வெட்டுங்கள், காம்பு உதிர்ந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். சாம்பலைத் துடைக்காமல், வைக்கோல்மேல் ஒரே அடுக்காக வையுங்கள். பூஜைக்கு நான்கைந்து நாள் முன்பே பெரும்பகுதியை விற்றுவிடுங்கள். கடைசி நாள் விலையை எதிர்பார்த்து வைத்திருப்பவர்தான் பூஜை முடிந்ததும் லோடோடு சாலையோரம் நிற்பார்.

உழவர் சந்தை பற்றி உங்கள் மனைவி சொன்னது

பாதி சரி. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் கமிஷன் இல்லை, கழிவு இல்லை. மொத்த விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் வாங்க வருகிறவர் பாகல் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கமாட்டார். 480 கிலோவை அங்கே உட்கார்ந்து விற்க முடியாது; 60, 70 கிலோ போனாலே நல்ல நாள். 70 கிலோவுக்கு 8 ரூபாய் கூடக் கிடைத்தால் 560. அதில் வண்டிச் செலவு 100, ஒருவரின் அரை நாள் கூலி 175 போனால் 285 நிற்கும்.

மண்டிக்குப் போகிறவர் ஒரே சரக்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோக வேண்டும். உழவர் சந்தைக்குப் போகிறவர் பாகல், புடலை, பீர்க்கு, சுரை, ஒரு கட்டுக் கீரை என்று கலந்து வைத்தால்தான் கூடை காலியாகும். ஆகவே பந்தலில் 50 சென்ட் பாகல், 30 சென்ட்டில் புடலையும் பீர்க்கும் வைத்து, பொறுக்கி எடுத்த நல்ல காயை உழவர் சந்தைக்கும் மிச்சத்தை மண்டிக்கும் அனுப்புங்கள். அடையாள அட்டைக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டால் இந்தப் பிரிப்புக்கே வழியில்லை. ஒரு மூட்டை வேறு பக்கம் போனாலும் மண்டியில் கேள்வி வரும்.

மண்டியில் விலை 8, 10 என்று விழுந்தால் பறிப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் பறிகூலி கிலோவுக்கு 3 ரூபாய், வண்டியும் இறக்குக்கூலியும் 40 கிலோ மூட்டைக்கு 30. கழிவும் கமிஷனும் சேர்த்துப் பார்த்தால், 4 ரூபாய் 34 காசுக்குக் கீழே போனால்தான் பறித்து அனுப்புவது நட்டம். அப்போதும் காயைக் கொடியில் பழுக்க விடாதீர்கள். பறித்து எறியவாவது வேண்டும். பழம் நின்றால் கொடி பிஞ்சு விடுவதை நிறுத்திவிடும்.

காசில்லாமல் கூடும் காசு

ஒவ்வொரு பறிப்பிலும் பத்தில் ஒரு பங்கு சொத்தை, பழ ஈப் பொறி வைத்தும் பயனில்லை என்கிறீர்கள். பொறியில் எந்த மருந்துக் கட்டை இருக்கிறது என்று பாருங்கள். மாமரத்துக்கு விற்கும் மீத்தைல் யூஜினால் பாகலைத் தாக்கும் ஈயை இழுக்காது. கொடிக்காய்களுக்குக் கியூ லூர் என்று கேட்டு வாங்க வேண்டும். சொத்தைக் காயை வரப்போரம் எறிந்தால் உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கி அடுத்த ஈயாக வரும். பாலித்தீன் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

மருந்தைக் காலையில் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாகல் பூ விடியலில் விரியும், தேனீ வருவது அப்போதுதான். தேனீ செத்தால் காய் பாதி பருத்து, பாதி சூம்பிக் கோணலாகும்; மண்டியில் அதற்குத் தனி, குறைந்த விலை. பாகலுக்கு மாலை சாய்ந்த பிறகு அடியுங்கள். பீர்க்கு, சுரை, புடலை மாலையில் பூக்கும். அவற்றுக்கு நேரம் வேறு. கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்துக்கே ஆகாது, இலை கருகும். பெண் பூ கூடுவதற்கு எத்ரல் என்ற பயிர் ஊக்கியை, தோட்டக்கலைத் துறையில் அளவு கேட்டு, விதைத்த 15-ம் நாள் தொடங்கி வாரம் ஒன்றாக நான்கு முறை போதும். கை தாராளமானால் கொடி குட்டையாகிவிடும்.

ஒட்டுரகக் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். காய் ஒன்றுபோல் வராது, தரம் பிரிப்பதிலேயே மிச்சம் போய்விடும். மூட்டை கட்டும்போது நுனி மஞ்சளான காய் ஒன்றுகூட உள்ளே போகாமல் பாருங்கள். அது விடும் வாயுவில் மறுநாள் காலைக்குள் பக்கத்துக் காய்களும் மஞ்சளாகும். வியாபாரி மூட்டையில் கைவிட்டு முதலில் எடுப்பது அதைத்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. போன ஆண்டு முன்பணத்துக்குத் தொகை நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். கடன் முழுவதும் பில்லில் கழிந்துவிட்டது, நோட்டு இன்னும் மண்டியில் இருக்கிறது, "இருக்கட்டும், அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று சொன்னார்கள். முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்று நோட்டில், முத்திரை தாங்கும் அளவுக்குத் தொகையை நிரப்பிக்கொள்ள 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு இடம் கொடுக்கிறது. சண்டை வேண்டாம். பில் கட்டுகளையும், முன்பணம் பிடித்த சிட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய் நோட்டைத் திரும்ப வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால், முன்பணம் முழுவதும் தீர்ந்தது என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பந்தலுக்கான பேச்சை அதன் பிறகு எடுக்கலாம். சரக்கை அதே மண்டிக்கே அனுப்பினாலும் அப்போது நீங்கள் கடன்காரராக இல்லாமல் விற்பவராக நின்று விலை கேட்கலாம்.